பேஸ் மேசை: வாசகர் கேள்விகள் – நாலா, அஞ்சா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பஞ்சாயத்துதான். பேஸ் கிதாரில் நான்கு ஸ்ட்ரிங் போதுமா, ஐந்து வேண்டுமா? நான்கில் அடியிலிருந்து இ, ஏ, டி, ஜி; ஐந்தில் இ-க்கும் கீழே ஒரு பி. வாசிப்பதைவிட மற்றவர்களின் பேஸைச் சரிசெய்து கொடுப்பதில்தான் இப்போது என் நேரம் போகிறது. அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான்கு ஸ்ட்ரிங் வாசிக்கிறேன். எங்கள் பாடகர் பல பாட்டுகளை ஒரு கட்டை இறக்கச் சொல்கிறார். இ-யில் இருந்த பாட்டு டி-க்கு வந்துவிட்டால் எனக்குக் கீழே இறங்க இடமில்லை. கீபோர்டுக்காரர் இடது கையால் அங்கே போய் என் நோட்டை விழுங்கிவிடுகிறார். ஐந்து ஸ்ட்ரிங் வாங்கட்டுமா?

முதலில் கீபோர்டுக்காரரிடம் இடது கையைக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம் அது. அவர் கீழேயே இருந்தால் நீங்கள் ஐந்து வாங்கினாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டு குழம்பத்தான் செய்யும்.

பிரச்சினை டி மட்டும்தான் என்றால் உங்கள் இ ஸ்ட்ரிங்கையே ஒரு கட்டை இறக்கி டி-யில் வையுங்கள். 41.2 ஹெர்ட்ஸில் இருந்தது 36.7-க்கு வரும், அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்ட்ரிங்கில் மட்டும் எல்லா நோட்டும் இரண்டு ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த கம்பிக் கட்டம்) மேலே போய்விடும் என்பதைக் கை பழகிக்கொள்ள வேண்டும். பாட்டுக்கு நடுவே ஏற்றி இறக்க வேண்டுமானால், இ ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனருக்குப் பதிலாக நெம்புகோல் வைத்த ட்யூனர் கிடைக்கிறது. ஒரு தட்டு தட்டினால் டி, திரும்பத் தட்டினால் இ.

ஐந்தாவது ஸ்ட்ரிங் உங்களுக்குத் தரும் புது நோட்டுகள் மொத்தமே ஐந்து. இ ஃப்ளாட், டி, டி ஃப்ளாட், சி, பி. இந்த ஐந்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் பிறகு விற்க வருகிறார்கள். வைத்துக்கொள்கிறவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தவர்கள். கை நகராமல் வாசிக்கலாம் என்பதுதான் அது.

எஃப் மேஜர் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரிங்கில் அடி எஃப், இ ஸ்ட்ரிங்கின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது. ஃப்ரெட்டுகள் மிக அகலமாக இருக்கும் இடம் அதுதான். கையை நகர்த்தாமல் மேலே ஏற வேண்டுமானால் ஏ, டி இரண்டையும் திறந்த ஸ்ட்ரிங்கில் வாசிக்க வேண்டும். ஐந்து ஸ்ட்ரிங்கில் அதே எஃப், பி ஸ்ட்ரிங்கின் 6-வது ஃப்ரெட். 5-லிருந்து 8-வது ஃப்ரெட்டுக்குள் நான்கு விரலை வைத்துவிட்டால், பி-யின் 6-வதில் தொடங்கி ஏ ஸ்ட்ரிங்கின் 8-வதில் இருக்கும் மேல் எஃப் வரை முழு ஸ்கேலும் அங்கேயே கிடைக்கும். திறந்த ஸ்ட்ரிங் ஒன்றுகூட இல்லை. உங்கள் பாடகர் மேடையில் திரும்பி "அரைக் கட்டை இறக்கு" என்றால் ஒரு ஃப்ரெட் கீழே தள்ளி அதே விரல் அமைப்பை வாசித்தால் போதும். பாடகருக்குத் தினமும் ஒரு சுருதி என்றால் எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். பி ஸ்ட்ரிங்கில் வாசிக்கும் எஃப், இ ஸ்ட்ரிங்கில் வாசிக்கும் எஃப் போலவே ஒலிக்காது. தடித்த ஸ்ட்ரிங், குரல் கொஞ்சம் மங்கலாக இருக்கும். சில பாட்டுக்கு அந்த மங்கல் அழகு, சிலவற்றுக்கு ஒத்துவராது.

கேள்வி: இன்னும் கற்கவே ஆரம்பிக்கவில்லை. நேராக ஐந்திலேயே தொடங்கலாமா? மாமா "முதல்ல நாலைக் கத்துக்கோ" என்கிறார்.

மாமா சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது சட்டமும் இல்லை. ஐந்தில் தொடங்குகிறவருக்குக் கூடுதல் வேலை வாசிப்பதில் இல்லை, வாசிக்காத ஸ்ட்ரிங்கை அமைதியாக வைப்பதில் இருக்கிறது. மேலே வாசித்துக்கொண்டிருக்கும்போது தொடாத பி ஸ்ட்ரிங் தானாக அதிர்ந்து அடியில் ஒரு முழக்கம் போடும். வலது கைக் கட்டைவிரலைப் பிக்கப்பிலேயே (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத் துண்டு) ஊன்றி வைக்காமல், வாசிக்கும் ஸ்ட்ரிங்குக்குக் கீழ்ச்சுருதியில் இருப்பவற்றின் மேல் சாய்த்துக்கொண்டே கூட நகர்த்தப் பழக வேண்டும். முதல் மாதத்திலேயே இதைப் பழகினால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டுகளில் பேஸ் இ-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் மாமா சொன்னதையே கேளுங்கள். மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் கிதாரும், ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் கையில் இருந்த ஃப்ரெட் இல்லாத ஃபெண்டர் ஜாஸ் பேஸும் நான்கு ஸ்ட்ரிங்தான்.

கேள்வி: அண்ணே, அஞ்சு ஸ்ட்ரிங் மாட்டிக்கிட்டு மேடை ஏறினா கெத்துதானே?

தம்பி, கெத்துதான். ஸ்ட்ரிங் மாற்றும் நாளில் மட்டும் இருக்காது.

கேள்வி: ஐந்து ஸ்ட்ரிங் வாங்கினேன். பி மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. மற்ற நான்கும் அருமை. 35 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) பேஸ் வாங்கியிருந்தால் சரியாகியிருக்குமா?

அடிக்கடி வரும் புகார். கணக்கைப் பார்த்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். இ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ், பி 30.9 ஹெர்ட்ஸ். உங்கள் இ 0.105 அங்குலம் என்றால், அதே ஸ்கேலில் பி-க்கும் அதே இழுவிசை கிடைக்க ஏறக்குறைய 0.140 தடிமன் வேண்டும். கடையில் வரும் செட்டில் பெரும்பாலும் 0.125 அல்லது 0.130 இருக்கும். ஆக, பி மற்றவற்றைவிடத் தளர்வாக இருப்பது பிறவிக் குணம்.

34 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால் அதே ஸ்ட்ரிங்கின் இழுவிசை சுமார் 6 சதவீதம்தான் ஏறும். 0.125-ஐக் கழற்றி 0.130 போட்டாலும் கிட்டத்தட்ட அந்த அளவு, சொல்லப்போனால் சற்றுக் கூடவே, வந்துவிடும். ஒரு ஸ்ட்ரிங் விலையில் முடிகிற விஷயத்துக்குப் பேஸையே மாற்ற வேண்டாம். அதற்காக 0.140-க்குத் தாவிவிடாதீர்கள். தடிக்கத் தடிக்க ஸ்ட்ரிங் விறைத்துப்போய், நோட்டோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்கள் சுத்தமாக வராது. பிரிட்ஜில் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் தகடு) உட்காரும் பகுதி மட்டும் மெலிந்த பி ஸ்ட்ரிங் கிடைத்தால் அதை ஒருமுறை முயன்று பாருங்கள். இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரிசெய்யவும் அது உதவும்.

ஸ்ட்ரிங்கை மாற்றும் முன் ஆம்ப்பையும் சந்தேகியுங்கள். 31 ஹெர்ட்ஸை அப்படியே வெளியே தள்ளும் பேஸ் ஸ்பீக்கர் அரிது. நாம் பி என்று கேட்பதில் பெரும் பங்கு அதனோடு சேர்ந்தே ஒலிக்கும் இரண்டாவது சுரமான 62 ஹெர்ட்ஸும் அதற்கு மேல் உள்ளவையும்தான். பி சரியாகக் கேட்கவில்லை என்று பேஸ் குமிழை முழுக்கத் திருப்புகிறவர்கள் ஸ்பீக்கரைத்தான் திணறடிக்கிறார்கள். அதைக் கொஞ்சம் குறைத்து, நடுச்சுருதிகளுக்கான "மிட்" குமிழைக் கூட்டிப் பாருங்கள். விரலால் அடிக்கும் பலத்தையும் குறையுங்கள். பி ஸ்ட்ரிங்குக்கு முரட்டுத்தனம் ஆகாது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பறித்தால் இன்னும் தெளியும்.

கேள்வி: ஐந்து ஸ்ட்ரிங் என்பது இப்போது வந்த மோகம்தானே?

ஃபெண்டர் கம்பெனி 1965-லேயே ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றை விற்றது. ஆனால் அந்த ஐந்தாவது மேலே இருந்தது, உச்ச சி. ஃப்ரெட் 15 மட்டுமே. ஓடவில்லை, 1970 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். கீழே பி வைக்கும் வழக்கம் 1970-களின் நடுவில் ஒருசிலர் செய்வித்துக்கொண்ட கருவிகளில் தொடங்கியது. 1980-களில் சின்தசைசர் பேஸ் இ-க்குக் கீழே சாவகாசமாக உலாவ ஆரம்பித்ததும் பேஸ் கலைஞர்களுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. மியூசிக் மேன் கம்பெனியின் ஐந்து ஸ்ட்ரிங் பேஸான ஸ்டிங்ரே 5 வந்தது 1987-ல். ஆர்க்கெஸ்ட்ராக்களில் டபுள் பேஸுக்கு ஐந்தாவதாகக் கீழ் பி வைப்பது அதற்கும் முந்தைய பழக்கம். மோகம் என்றால் ரொம்ப வயதான மோகம்.

கேள்வி: பழைய பேஸ் ஒன்றை நேரில் பார்த்து வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ஆம்ப்பில் செருகாமல் தொடங்குங்கள். விற்பவர் உடனே செருகிச் சத்தமாக வாசித்துக் காட்டுவார், ரசித்துவிட்டுப் பிறகு வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரு தடவை அழுத்தி வாசியுங்கள். அலுப்பான வேலை, ஆனால் கரகரப்பும் செத்த நோட்டும் அப்படித்தான் பிடிபடும். ஜி ஸ்ட்ரிங்கில் 5-லிருந்து 7-வது ஃப்ரெட் வரை குறிப்பாகக் கேளுங்கள். ஏதாவது ஒரு நோட்டு மட்டும் சட்டென்று அடங்கிப்போனால் அது மரத்தின் குணம், எந்தச் செட்டப்பும் அதை முழுதாகப் போக்காது.

அடுத்து நெக். ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் 8-வது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மெல்லிய அட்டை நுழையும் அளவு இருந்தால் நல்லது. நிறைய இருந்தால், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த ட்ரஸ் ராடு என்ற கம்பி திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று மழுப்பினால் வீட்டுக்குக் கிளம்பலாம். பாடியின் அடிப்பக்கத்திலிருந்து நெக் நெடுக ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வளைவைச் சரிசெய்யலாம், முறுக்கிக்கொண்ட நெக்கை வேண்டாம் என்றுவிடுங்கள்.

ஐந்து ஸ்ட்ரிங் என்றால் எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை. பி-யின் 5-வது ஃப்ரெட்டையும் திறந்த இ-யையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். சுருதி ஒன்றேதான். குரலில் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது நியாயம். ஒன்று மணியாகவும் மற்றது சாக்குமூட்டையாகவும் இருந்தால், புது ஸ்ட்ரிங் போட்டால் சரியாகும் என்று விற்பவர் சொல்வார். போட்டே காட்டச் சொல்லுங்கள்.

நான்கு ஸ்ட்ரிங் என்றால், நெக்கின் தலைப்பில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைப் பாருங்கள். சிலர் நான்கிலேயே பி-இ-ஏ-டி என்று தடித்த ஸ்ட்ரிங் போடுவதற்காகப் பள்ளத்தை ராவி அகலப்படுத்தியிருப்பார்கள். அதில் திரும்ப வழக்கமான ஸ்ட்ரிங் போட்டால் பள்ளத்துக்குள் ஆடும். புது நட்டுக்கான செலவை விலையில் கழியுங்கள்.

கடைசியாகத்தான் மின்சாரம். குமிழைத் திருப்பினால் கரகரத்தால் பெரும்பாலும் தூசு, பயப்பட வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி போடும் பேஸ் என்றால் பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதை இன்னும் பலர் அறியாமல் புலம்புகிறார்கள்.

கேள்வி: எனக்குச் சின்னக் கை. ஐந்து ஸ்ட்ரிங் நெக் அடங்குமா?

ஜாஸ் பேஸின் நட் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். ஐந்து ஸ்ட்ரிங்கில் பெரும்பாலும் 45 வாக்கில், சிலவற்றில் அதற்கும் மேல். கை நீளத்தைவிட நெக்கின் பின்புறத் தடிமன்தான் தொந்தரவு செய்யும், அதனால் நெக் மெலிந்ததைத் தேடுங்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் 19 மில்லிமீட்டர் இடைவெளியிலும் கிடைக்கிறது, 17-க்கும் குறைவாகவும் கிடைக்கிறது. நெருக்கமானது இடது கைக்கு வசதி. ஸ்லாப் (கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கைத் தட்டி) வாசிக்கிறவருக்கு அதே நெருக்கம் எரிச்சல். நின்றுகொண்டு, வாரில் மாட்டி, அரை மணி நேரம் வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: என் ஐந்து ஸ்ட்ரிங்கில் பிக்கப், ப்ரீஆம்ப், பிரிட்ஜ் எல்லாம் மாற்றி நிறையச் செலவு செய்திருக்கிறேன். விற்கும்போது அதையும் சேர்த்துக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். கொடுக்கத்தான் ஆள் வராது. உங்கள் ரசனைக்கு நீங்கள் செய்த செலவு அது. பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்ப மாட்டிவிட்டு, புதியவற்றைத் தனியாக விற்றுவிடுங்கள். அப்படித்தான் கூடுதல் பணம் கைக்கு வரும்.

படம் எடுக்கும்போது கீறலையும் ஃப்ரெட் தேய்மானத்தையும் நெருக்கமாக எடுங்கள். வாங்க வருகிறவர் நேரில் வந்து கண்டுபிடித்தால் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பேரம் நடக்கும். எடை எவ்வளவு, நட் அகலம் எவ்வளவு, ஸ்கேல் 34-ஆ 35-ஆ என்பதை நீங்களே எழுதிவிடுங்கள்; ஐந்து ஸ்ட்ரிங் தேடுகிறவர் முதலில் கேட்பது இவைதான். கடையில் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்வதானால் விலை குறையும், கடைக்காரரும் அதை மறுபடி விற்றுப் பிழைக்க வேண்டுமே. பார்சலில் அனுப்பினால் ஸ்ட்ரிங்கைச் சற்றுத் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் பக்கத்திலும் துணி திணித்து, கேஸுக்குள் எதுவும் அசையாதபடி செய்யுங்கள்.

கேள்வி: நாலு ஒன்று, அஞ்சு ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்றை விற்றே ஆக வேண்டிய நிலை. எதை?

ஒரு மாதம் எல்லா ஒத்திகைக்கும் அஞ்சை மட்டும் எடுத்துப் போங்கள். எந்தப் பாட்டில் பி ஸ்ட்ரிங்கைத் தொட்டீர்கள், புது நோட்டுக்காகவா கை வசதிக்காகவா என்று பாட்டுத் தாளிலேயே குறித்து வையுங்கள். குறிப்பு இரண்டு மூன்று பாட்டோடு நின்றால் இ-யை டி-க்கு இறக்கிச் சமாளித்துக்கொள்ளலாம், அஞ்சைக் கொடுத்துவிடுங்கள். தாள் முழுக்கக் குறியாக இருந்தால் நாலுதான் போக வேண்டும். அதை விற்பது கஷ்டமில்லை, கேட்க எப்போதும் ஆள் இருக்கும். அஞ்சுக்கு வாங்குகிறவர் வட்டம் சின்னது, அதனால் நியாயமான விலையோடு ஒருவர் வந்தால் இன்னொருவருக்காகக் காத்திருக்காதீர்கள். புது பி ஸ்ட்ரிங் ஒன்று கையிருப்பில் இருந்தால் அதையும் கேஸில் போட்டுக் கொடுங்கள், நாலில் மாட்ட அது உங்களுக்கு ஆகாது.