சென்னையில் மீன்பிடிக்க எந்தப் பெடல் கயாக் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் நீலாங்கரையில் குடியிருக்கிறார். அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி, கையில் ஒரு ஸ்விஃப்ட் கார், செலவழிக்க ஒன்றரை லட்சம். முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவா, கடலில் சீலா, வஞ்சிரம் என்று ஆசை. காலால் மிதித்து ஓட்டும் கயாக்கில், அடியில் துடுப்பு போல வீசும் ஃபின் வகை வாங்கலாமா, விசிறி சுற்றும் புரொப்பெல்லர் வகை வாங்கலாமா என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: காரிலிருந்து தண்ணீர் வரை அதை யார் தூக்கிக்கொண்டு போவது? கூட எப்போதும் ஒரு ஆள் வருவாரா, தனியாகத்தான் போவீர்களா? படகின் நீளமும் எடையும் இந்தப் பதிலில்தான் முடிவாகின்றன. கரைக்குக் கொண்டுபோகச் சலிப்பாக இருக்கும் கயாக், எவ்வளவு நல்லதானாலும், கார் பார்க்கிங்கில் தூசி பிடித்துத்தான் கிடக்கும்.

பெடல் கயாக் பார்வைக்குச் சாதுவாக இருக்கும், கனம் அதிகம். ஒருவர் உட்காரும் 12 அடிப் படகில் இருக்கை, சுக்கான், டிரைவ் (பெடலும் அது இயக்கும் பொறியும்) எல்லாம் மாட்டிவிட்டால் பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல் வரும். 14 அடியில் வரும் பெரிய மாடல்கள் 60-ஐத் தாண்டுகின்றன. ஸ்விஃப்ட்டின் நீளம் சுமார் 3.85 மீட்டர், 12 அடி என்பது 3.66 மீட்டர். அதனால் 12 அடி வரை காரின் மேலே கட்டி ஈ.சி.ஆரில் நிம்மதியாகப் போகலாம். 14 அடி முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். குட்டி யானை பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் தொட்டி ஏழடி சொச்சம்தான், பாதிப் படகு வெளியே தொங்கும். தவிர, விடியற்காலை நாலு மணிக்கு வண்டிக்காரரை எழுப்ப வேண்டும்.

அப்புறம் மணல். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர் எங்கே போனாலும் தெரு முடிந்த இடத்திலிருந்து அலை வரை பொலபொலவென்ற மணல். கயாக்கோடு தரும் சின்னச் சக்கரத் தள்ளுவண்டி அதில் உருளாது, மண்வெட்டி மாதிரி மணலைத் தோண்டிக்கொண்டு நிற்கும். அகலமான பலூன் டயர் வண்டிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். லிஃப்ட்டில் 12 அடிப் படகு ஏறாது என்பதால் தரைத்தளத்தில் ஒரு மூலை வேண்டும், அசோசியேஷன் செயலாளரிடம் இப்போதே நல்லபடியாகப் பேசி வையுங்கள்.

ஆக, பத்தரை அடி முதல் 12 அடிக்குள், இருக்கையையும் டிரைவையும் கழற்றியபின் வெறும் உடல் 35 கிலோவை ஒட்டி இருக்கிற படகு. உங்கள் நிலைமைக்கு இதுதான் எல்லை. இனி டிரைவுக்கு வரலாம்.

ஃபின் வகையைப் பரவலாக்கியது ஹோபி நிறுவனம். 1997-இல் வந்த அவர்களுடைய மிராஜ் டிரைவில் படகுக்கு அடியில் இரண்டு ஃபின்கள் பக்கவாட்டில் மாறிமாறி வீசும், பென்குயின் நீந்துவது போல. காலை முன்னும் பின்னும் தள்ளினால் போதும். புரொப்பெல்லர் வகையில் சைக்கிள் போலவே வட்டமாக மிதிக்க வேண்டும். கியர் வைத்திருப்பதால் ஒரு முழு மிதிக்கு விசிறி ஏறத்தாழ பத்துச் சுற்று சுற்றும். நேட்டிவ், ஓல்ட் டவுன் போன்ற நிறுவனங்கள் இந்த வழி, இப்போது வரும் சீனத் தயாரிப்புகளில் நிறையவும் இந்த வழிதான். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண உடம்புள்ள ஆள் இரண்டிலும் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் நிதானமாகப் போகலாம். லூரை (செயற்கை இரையை) இழுத்துக்கொண்டு சீலா தேட அந்த வேகம் கச்சிதம்.

வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. புரொப்பெல்லரின் கால் படகுக்குக் கீழே ஒன்றரை அடி அளவுக்கு இறங்கி நிற்கும். முட்டுக்காட்டில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை, முகத்துவாரத்தை மணல் அடைக்கிற மாதங்களில் நிலைமை இன்னும் மாறும். தரையில் மணலோடு சிப்பியும் உண்டு. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். அங்கே புரொப்பெல்லர்காரர்கள் அடிக்கடி டிரைவை மேலே தூக்கிவிட்டுத் துடுப்பை எடுப்பார்கள். ஃபின் வகையில் ஒரு காலை முழுக்க முன்னே தள்ளினால் இரண்டு ஃபின்களும் படகின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தே ஆழமில்லாத இடத்தைக் கடந்துவிடலாம்.

இன்னொன்று குப்பை. நம் ஊர்த் தண்ணீரில் அறுந்த நைலான் வலை, கயிறு, பிளாஸ்டிக் பை, மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரை என்று எல்லாம் மிதக்கும். இவை புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டால் நின்று, தூக்கி, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஃபின்னிலும் சிக்கும், ஆனால் பெரும்பாலும் வழுக்கிக் கழன்றுவிடும். குப்பையை விடுங்கள், மீனவர்கள் விரித்திருக்கும் நல்ல வலையின் மேல் ஏறினால் அவர்களுக்கு நஷ்டம், உங்களுக்கு ஏச்சு. மிதவைகளைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போங்கள். பழவேற்காட்டில் எந்த இடத்தில் எந்தக் குழு எந்த நாளில் வலை போடும் என்பதற்கு ‘பாடு’ என்று தலைமுறை தலைமுறையாக வருகிற முறை உண்டு. நமக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்குச் சாப்பாடு. இறங்குவதற்கு முன் கரையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

புரொப்பெல்லரின் உண்மையான பலம் பின்னோக்கிப் போவதில். பின்பக்கம் மிதித்தால் உடனே பின்னே வரும். பாலத்தூண் ஓரம் கொடுவா கடித்துவிட்டு இடுக்கைப் பார்த்து ஓடும்போது, இரண்டு கையும் ராடில் (தூண்டில் கோலில்) இருக்க, காலாலேயே படகைப் பின்னுக்கு இழுப்பது பெரிய வசதி. பழைய மிராஜ் டிரைவுகளில் காலால் மட்டும் பின்னோக்கிப் போக முடியாது. பிறகு வந்த 180 மாடலில் கயிற்றை இழுத்தால் ஃபின்கள் திரும்பிக்கொள்ளும். செகண்ட் ஹேண்டில் ஃபின் வகை பார்த்தால் அது எந்த மாடல் என்று முதலில் கேளுங்கள், விலையில் அது தெரிய வேண்டும்.

முட்டுக்காடு, பழவேற்காடு என்றே பெரும்பாலும் போவீர்கள் என்றால் என் ஓட்டு ஃபின்னுக்கு. ஆழமான, வலை குறைந்த தண்ணீரில், ஒரே இடத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நின்று மீன் பிடிப்பதுதான் உங்கள் பாணி என்றால் புரொப்பெல்லர்.

கடல் தனிக் கதை. கரையலையைத் தாண்டும்போது பெடல் உதவாது, சொல்லப்போனால் கெடுதல். அலை படகைத் தூக்கி மணலில் குத்தினால் முதலில் உடைவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவும் சுக்கானும். இரண்டையும் மேலே எடுத்துக் கட்டிவிட்டு, துடுப்பால் வலித்து, அலை தாண்டியபிறகு இறக்க வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. அதனால் ‘பெடல் இருக்கிறதே’ என்று துடுப்பை வீட்டில் வைக்காதீர்கள். மீனவர்கள் படகைத் தள்ளும்போது கவனியுங்கள்: அவசரப்படாமல் நின்று, பெரிய அலைகள் வரிசையாக வந்து போனபின் கிடைக்கும் இடைவெளியில்தான் தள்ளுவார்கள். அதைப் பத்து நிமிடம் வேடிக்கை பார்ப்பது எந்த வீடியோவையும்விட மேல்.

அவர்கள் காற்றைப் பற்றிச் சொன்னாலும் கேளுங்கள். எனக்கு ஊரூர் குப்பத்தில் ஒரு பெரியவர் பழக்கம். என் படகை முதலில் பார்த்தபோது “இன்னா தம்பி, கடல்ல சைக்கிளா?” என்று சிரித்தவர், மே மாதம் ஒரு காலையில் சிரிக்கவில்லை. “கச்சான் அடிக்குது, இன்னிக்கு வாணாம்” என்றார். கடல் கண்ணாடி போல இருந்தது. அதுதான் விஷயம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் கரையோரம் அலையே தெரியாது, போகப் போக உங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 50 கிலோப் படகை அந்தக் காற்றுக்கு எதிராக ஒரு மணி நேரம் மிதித்துக் கரை சேர்வது விளையாட்டில்லை. புதிதாகக் கடலில் இறங்க பிப்ரவரி, மார்ச் நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக் காலம், படகைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது, முட்டுக்காட்டில் தூண்டில் போடுகிறவர் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படகின் அகலம் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நின்றுகொண்டு லூர் வீச ஆசை இருந்தால் 34 அங்குலமாவது வேண்டும். ஆனால் அகலம் கூடினால் எடையும் கூடும், மிதிக்கவும் கனக்கும். உட்கார்ந்தே பிடிப்பவர் 32-லேயே திருப்தியாக இருக்கலாம். தாங்கும் எடை என்று போட்டிருக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். 180 கிலோ என்றால் 120: நீங்கள், தண்ணீர், ஐஸ் பெட்டி, ராடுகள், டிரைவ், அதிர்ஷ்டம் இருந்தால் மீன். காலின் நீளத்தையும் பாருங்கள். இவை பெரும்பாலும் ஆறடி ஆட்களை மனதில் வைத்துச் செய்தவை. ஐந்தடி நாலங்குல ஆள் இருக்கையைக் கடைசிவரை முன்னே தள்ளியும் பெடல் எட்டாத மாடல்கள் உண்டு. வாங்கும் முன் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள், படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். பெயர்பெற்ற பெடல் கயாக்குகளுக்கு அமெரிக்காவிலேயே இரண்டாயிரம் டாலர், மூன்றாயிரம் டாலர் என்று விலை, உச்சியில் இருப்பவை ஐயாயிரத்தைத் தாண்டும். அதற்கு மேல் 12 அடிப் பொருளைக் கப்பலில் கொண்டுவரும் செலவு, சுங்கம். ஒன்றரை லட்சத்தில் அவற்றைப் புதிதாக எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு வழி இரண்டு: சீனத் தயாரிப்பில் புதியது, அல்லது நல்ல பெயருள்ளதில் பழையது. நான் பழையதைத்தான் தேடுவேன். ஆனால் அந்த டிரைவுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகு. ஒரு நிறுவனத்தின் டிரைவ் இன்னொன்றின் படகில் பொதுவாகப் பொருந்தாது, டிரைவ் போனால் கையில் இருப்பது கனமான துடுப்புப் படகு மட்டுமே. ஒன்றரை லட்சத்தில் லைஃப் ஜாக்கெட், விசில், பலூன் டயர் வண்டி எல்லாம் அடங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பழையதைப் பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். டிரைவை வெளியே எடுக்கச் சொல்லி, அது உட்காரும் குழியைச் சுற்றி விரலால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபின் வகை என்றால் கம்பி வளைந்திருக்கிறதா, கேபிள் துருப்பிடித்திருக்கிறதா. புரொப்பெல்லர் என்றால் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா. உப்புத் தண்ணீரில் ஓடியதை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அங்கேதான் முதலில் தெரியும். (நம் ஊரில் மெட்ரோ லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் கயாக்கைக் கழுவுவது எப்படி என்பது வேறு பிரச்சினை.) மொட்டைமாடி வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த படகில் அடிப்பாகம் குழி விழுந்து நெளிந்திருக்கும், நிறமும் வெளுத்திருக்கும். கடைசியாக, உள்ளே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கம் சாய்த்து, பத்து நிமிடம் கழித்து வெளியே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.