வேகம் எடுக்கும்போது கார் எழுப்பும் சத்தங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘ஊ’ என்று ஓர் ஊளைச் சத்தம் வருகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. எஞ்சினில் கோளாறா, கியர்பாக்ஸிலா?

பதில்: இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எதைப் பின்தொடர்கிறது என்பதைக் கவனியுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) வரை ஏற்றிப் பாருங்கள். அதே ஊளை கேட்டால் எஞ்சினையும் அதோடு சேர்ந்து சுற்றும் பெல்ட், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் போன்றவற்றையும் சந்தேகிக்கலாம். கேட்கவில்லையா? போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் சென்று, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் ஊளை தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஒன்றிலிருந்து வருகிறது: சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங் அல்லது டயர். கால் எடுத்த கணமே நின்றுவிட்டால், இழுவிசை ஏறும்போது மட்டும் முனகும் உறுப்பைத் தேட வேண்டும். இந்தச் சோதனைக்காக ஓடும் வண்டியின் எஞ்சினை யாரும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும்.

பேரிங்கா டயரா என்பதற்கும் வழி உண்டு. மிதமான வேகத்தில் இடப்பக்கம் லேசாக வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள்மீது சாயும். அப்போது ஊளை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான். டயர் என்றால் சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறும். நின்ற பிறகு டயரின் பரப்பை இரு திசையிலும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பப் பல்லும் தெரிந்தால், பேரிங்குக்குச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: திருப்பத்தில் வேகம் கொடுத்தால் ‘டக் டக் டக்’ என்கிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை.

பதில்: முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது திரும்பும் சக்கரத்துக்கு எஞ்சினின் விசையைக் கொண்டுபோகும் மூட்டு. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, காலியான இடத்தில் மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். பிறகு சக்கரத்தின் உட்புறத்தை எட்டிப் பாருங்கள். கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. பூட் கிழிந்ததை முதலிலேயே கண்டுவிட்டால், புது பூட்டும் புது கிரீஸும் போதும். ‘டக் டக்’ தொடங்கிய பிறகு பூட்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை. ஜாயின்ட்டையோ முழு ஆக்சிலையோ மாற்றத்தான் வேண்டும். நேராகப் போகும்போது, வேகம் எடுக்கையில் மட்டும் வண்டி அதிர்ந்தால் உட்பக்க ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் கோலிக்குண்டுகள் உருளுவதுபோல் கேட்கிறது. பெட்ரோல் வண்டி.

பதில்: இதற்கு ‘நாக்கிங்’ என்பார்கள். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சிதான் காதில் விழுகிறது. முதலில் உங்கள் ஓட்டும் முறையைக் கேட்கிறேன்: ஐந்தாவது கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், முழுக்க மிதித்து மேட்டை ஏறுகிறீர்களா? கியரைக் குறையுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சத்தம் போய்விடும். அடுத்து, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ சொல்லியிருக்கும் ஆக்டேன் எண்ணை (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பாருங்கள். அதைவிடக் குறைந்த பெட்ரோல் போட்டிருந்தால் காரணம் கையில் இருக்கிறது. அதைவிட உயர்ந்ததைப் போட்டால் வண்டி பறக்கும் என்பது மட்டும் ஆசை. இவ்விரண்டும் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சின் அதிகம் சூடாகிறதா, உள்ளே கார்பன் படிந்திருக்கிறதா, எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு அடைத்திருக்கிறதா, நாக் சென்சார் வேலை செய்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் பழுதாகும்.

கேள்வி: காலையில் முதல் முறை கிளப்பும்போது ‘கிரீச்’ என்று பெல்ட் கத்துகிறது. ஸ்ப்ரே அடித்தேன், இரண்டு நாள் நின்றது.

பதில்: அந்த ஸ்ப்ரே சத்தத்தை மறைக்கும், கோளாறை அல்ல. எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, கையும் துணியும் பெல்ட்டை நெருங்காதபடி, அதன் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் இன்னும் கூடினால் இழுப்பு போதவில்லை, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைப் பாருங்கள். சிறிது நேரம் நின்று மீண்டும் வந்தால் பெல்ட் சுற்றி ஓடும் ஏதோ ஒரு புல்லி கோணலாக இருக்கிறது. புது பெல்ட் போட்டாலும் அது கத்தத்தான் செய்யும்.

கேள்வி: வண்டி குளிர்ந்திருக்கும்போது மிதித்தால் ‘டிக் டிக்’ என்கிறது, பத்து நிமிடத்தில் மறைகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கட் கசிவோ இருந்தால் இப்படித்தான் நடக்கும்: உலோகம் சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபடும். இணைப்புகளில் கரிப்புகைத் தடம் இருக்கிறதா பாருங்கள். கசியும் புகையில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. காருக்குள் புகைநெடி அடித்தால் அன்றே சரிசெய்யுங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் சலசலத்தால் பெரும்பாலும் புகைக்குழாயின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டின் போல்ட் துருப்பிடித்திருக்கும். அகலமான வாஷரோ ஸ்டீல் கிளாம்போ போதும். ஷீல்டையே கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: டர்போ டீசல். மிதித்தால் ‘புஸ்ஸ்’ என்கிறது, இழுவையும் குறைந்துவிட்டது. டர்போவை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அதற்கு முன் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மிதித்தால் மட்டும் விரியும் கீறல் சும்மா பார்த்தால் தெரியாது. கிளாம்பைச் சுற்றிப் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கேதான் காற்று வெளியேறுகிறது. சைரன்போல் கீச்சிட்டு, நீலப் புகையும் வந்தால் மட்டும் டர்போமீது சந்தேகம் நியாயம்.

கேள்வி: மின்சாரக் கார் கிளம்பும்போது முனகுகிறது. பழுதா?

பதில்: மெதுவாகப் போகும்போது மட்டும் கேட்டால் பழுதில்லை. பாதசாரிகளை எச்சரிக்கச் சேர்த்த ஒலி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களிலும் 20 கி.மீ. வேகம் வரை அது கட்டாயம்.

கேள்வி: எஞ்சின் அடியிலிருந்து கனமான ‘தொம் தொம்’. மிதிக்க மிதிக்க வேகமாகிறது. ஆயில் விளக்கும் மின்னுகிறது. மெக்கானிக் 15 கி.மீ. தள்ளி இருக்கிறார்; ஓட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். எஞ்சினை உடனே அணையுங்கள். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்த அறிகுறி இது. டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தாலும் ஆயில் ஊற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். தேய்ந்த பேரிங் அதனால் சரியாகாது. ராட் உடைந்தால் எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல ஆளை அழையுங்கள்.