சட்டம் படிக்க பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வக்கீல் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். வரலாறு குரூப் எடுத்தால்தான் சட்டம் படிக்க முடியும் என்கிறார் உறவினர் ஒருவர். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ஆர்ட்ஸ் குரூப்பா?" என்று பள்ளியில் பயாலஜியில் சேரச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்துக்கென்று கட்டாய குரூப் எதுவும் கிடையாது. பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் கேட்பது பிளஸ் டூ தேர்ச்சியும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும்தான். 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. இதைவிடக் கூடுதலாகக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு.

எந்த வழியாகச் சேரப்போகிறாள் என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். அதனால் பிடிக்காத பாடத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி மார்க்கைக் குறைத்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர கிளாட் (CLAT) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மார்க் குறையும். கேள்விகள் பெரும்பாலும் நீளமான ஆங்கிலப் பத்திகளிலிருந்து வரும். கணக்குப் பகுதி பத்தாம் வகுப்புத் தரம்தான், அதுவும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. கிளாட்டுக்காக மட்டும் கணக்கு குரூப் எடுக்கத் தேவையில்லை.

சரி, பாடங்களுக்கு வருவோம். வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் படித்தவர்களுக்கு பி.ஏ., எல்எல்.பி. என்ற ஐந்தாண்டுப் படிப்பின் முதல் இரண்டு வருடம் பழகிய இடமாக இருக்கும். அடிப்படை உரிமைகள், நாடாளுமன்றம், நீதித்துறை எல்லாம் பள்ளியிலேயே அறிமுகமாகிவிடும். மார்க் குறைந்தவர்களுக்கான குரூப் என்று இதை ஒதுக்குவது எனக்கு வருத்தமான விஷயம். காமர்ஸும் நல்ல தேர்வு. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவருக்கு கம்பெனிச் சட்டம், வரிச் சட்டம், திவால் வழக்குகள் எல்லாம் சீக்கிரம் பிடிபடும்.

பயாலஜியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸிலோ உண்மையான ஆர்வம் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். மருத்துவ அலட்சிய வழக்கு, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று வரும்போது உயிரியல் கைகொடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டப்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற குறியீட்டை, சான்றிதழில் குறிப்பிட வேண்டும். கணினி படித்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே யோசித்துவிடுங்கள்: கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டம். சட்டப் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. அந்தப் பக்கம் மகளுக்கு நாட்டம் இருந்தால், பள்ளியில் சொல்வதுபோல அறிவியல் குரூப்தான் சரி.

எந்த குரூப் எடுத்தாலும் மொழிப்பாடங்களை மார்க்குக்காக மட்டும் படிக்க விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும், சென்னை உயர் நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில். ஆனால் கட்சிக்காரர் கொண்டுவரும் கிரயப் பத்திரம், பட்டா, போலீஸ் புகார் எல்லாம் பெரும்பாலும் தமிழில் இருக்கும். பழைய பத்திரத்தின் நாலு பக்க வாக்கியத்தைப் பிரித்து, யார் யாருக்கு எதை எழுதிக்கொடுத்தார் என்று கண்டுபிடிப்பது பெரிய திறமை. தமிழை ஒப்புக்குப் படித்தவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம், ஒரு தமிழ்த் தலையங்கம் படித்து, ஒவ்வொன்றின் வாதத்தையும் ஐந்து வரியில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதற்கு எதிர்வாதமும் ஐந்து வரியில்.

பாதியில் மனம் மாறினாலும் பயம் வேண்டாம். வேறு ஏதாவது பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி.யில் சேரலாம். இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகங்களை எடுத்து எல்லா குரூப்பிலிருந்தும் ஒரு பாடத்தை மகளையே படித்துப் பார்க்கச் சொல்வது. அதோடு, அவள் விரும்பும் குரூப்புக்கு உங்கள் பள்ளியில் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரித்துவிடுங்கள்.