கழன்று ஓடிய அலோய் சில்லு: கடைக்காரரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: என் விட்ஸ் காரில் இருந்த 14 அங்குலக் கம்பனி அலோயைக் கழற்றி, யாழ்ப்பாணத்தில் ஒரு ரயர் கடையில் பாவித்த 15 அங்குல அலோயும் 195/50 ரயரும் போட்டேன். பூட்டியதும் அவர்கள்தான். பிறகு ஸ்டேரிங் ஆடத் தொடங்கியது, ஒரு கிழமை அப்படியே ஓடினேன். போன மாதம் கொடிகாமத்தடியில் முன் இடப்பக்கச் சில்லு கழன்று, கார் மதகில் மோதி, நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளும் சேதம். பழைய நட்டையே புது அலோய்க்குப் பூட்டியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். "பாவித்த சாமானுக்கு உத்தரவாதம் இல்லை, பில்லிலேயே போட்டிருக்கு" என்கிறார் கடைக்காரர். அலோய் மாற்றியதால் காசு தரமுடியாது என்கிறது காப்புறுதிக் கம்பனி. பொலிஸும் வழக்குப் போட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் ஒரு விஷயம். கழன்ற சில்லையும் நட்டுகளையும் உடைந்த ஸ்டட்டுகளையும் (நட் ஏறும் ஆணிகள்) யாரிடமும் கொடுக்காதீர்கள், "பார்த்துவிட்டுத் தாறன்" என்று கடைக்காரர் கேட்டாலும்தான். காரைத் திருத்தக் கொடுக்கும் முன் படம் எடுத்து, கடையோடு தொடர்பில்லாத ஒரு வாகன மதிப்பீட்டாளரிடம் எழுத்து அறிக்கை வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் வழக்கு முழுக்க அந்த நட்டில்தான் நிற்கிறது. டொயோட்டா கம்பனி அலோய்க்கு வருவது வாசர் வைத்த தட்டை நட், வெளியில் வாங்கும் அலோயின் துளை பெரும்பாலும் கூம்பு வடிவம். தட்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் விளிம்பு மட்டும்தான் பிடிக்கும், ஓட ஓட இளகும். இது கடை பார்த்திருக்க வேண்டிய வேலை, நீங்கள் அல்ல.

சட்டத்தில் உங்களுக்கு மூன்று பிடி இருக்கிறது. 1896 இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவருக்குத் தெரிந்து, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பாவித்த பொருள் என்பதால் மட்டும் அது இல்லாமல் போகாது, தேய்மானத்துக்குத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, 2003 இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்: பூட்டிக் கொடுத்தது ஒரு சேவை, அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். மூன்றாவது, நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி கவனயீனத்துக்கான நட்டஈடு.

பில்லில் அச்சடித்த வசனம்? அது காசு கொடுத்த பிறகு கைக்கு வந்த துண்டு. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, அதில் அந்த நிபந்தனை இருந்தது என்று அவர்தான் காட்டவேண்டும். பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதும், பிழையாகப் பூட்டினாலும் பொறுப்பில்லை என்பதும் ஒன்றல்ல.

விபத்துக்கு மறுநாள் "நட்டை மாத்தித் தாறன், பொலிசுக்குப் போகாதேங்கோ" என்று கடைக்காரர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியையும் இணைத்திருக்கிறீர்கள். அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2006 இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இருப்பதால் இதையெல்லாம் சான்றாகக் கொடுக்க வழி இருக்கிறது. நான் மேலே சொன்ன சட்டங்களைவிட இந்த ஒரு வட்ஸ்அப் வரிதான் அவரைப் பேச்சுக்குக் கூப்பிடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பலவீனத்தையும் சொல்லவேண்டும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எப்படியும் சொல்லுவார். ஸ்டேரிங் ஆடியும் ஒரு கிழமை ஓடினீர்கள். புதுச் சில்லு போட்டால் 50, 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டை இறுக்கிப் பார்க்கவேண்டும் என்பது ரயர் வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதை உங்களிடம் சொன்னதாகக் கடைக்காரர் சொல்லுகிறார், நீங்கள் இல்லை என்கிறீர்கள். 1968 இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, கவனயீன வழக்கில் உங்கள் பிழையின் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம். வழக்கே விழுந்துவிடாது, முழுத்தொகையும் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது அவசரம். நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான். நீங்கள் வாங்கி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அவர்களுடைய அலுவலகத்தில் பில், படம், மதிப்பீட்டு அறிக்கையோடு இந்தக் கிழமையே கொடுங்கள். 1977 என்ற அவர்களுடைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்தில் இருக்கவேண்டும். சிவில் வழக்குக்குக் காலம் கொஞ்சம் கூட: கவனயீனத்துக்கு இரண்டு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். அதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். தொகை சிறிதென்றால் மத்தியஸ்த சபைக்குப் போய்த்தான் நீதிமன்றம் போகலாம்.

காப்புறுதிக் கம்பனி வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விட்ஸுக்கு வழக்கமாக வரும் 165/70 14 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 587 மில்லிமீட்டர், நீங்கள் போட்டது 576, இரண்டு வீதம்கூட வித்தியாசம் இல்லை. விபத்துக்குக் காரணம் அளவில்லை, நட் என்பதுதான் உங்கள் வாதம். ஆனால் மாற்றத்தை அவர்களுக்கு அறிவிக்கவில்லை என்றால் அது அவர்களுடைய பலம், அதையும் மனதில் வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதிக் கம்பனிகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிப்பவர்) முறையிடலாம். மோட்டார் சைக்கிள்காரருக்கு நீங்களாக எதுவும் எழுதிக் கொடுக்கவேண்டாம்.

பொலிஸ் வழக்கில் "குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்னத் தண்டத்தோடு முடிந்துவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சாவகச்சேரி நீதவான் முன் ஒத்துக்கொண்டால், நாளைக்கு உங்கள் நட்டஈட்டு வழக்கில் அதையே தூக்கி உங்கள் முன் வைப்பார்கள். ஒரு சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கள்.

கார் லீசிங்கில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது என்ற வாசகம் அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். அதை ஒருமுறை வடிவாக வாசித்துவிட்டு, விபத்தைப் பற்றி அவர்களுக்கும் எழுதி அறிவியுங்கள்.