படிக்கட்டு வயலுக்கு எந்த இயந்திரம்? கடைக்கு முன்னால் டேப்பை எடுங்கள்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரையில் இருக்கிறேன். கொடைக்கானல் வில்பட்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலம் என் பெயரில் வாங்கியிருக்கிறோம். மாதம் இரண்டு முறை நானும் கணவரும் மேலே போய் வருவோம். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் கொஞ்சம், ஓரங்களில் பட்டர் ஃப்ரூட், பிளம்ஸ் என்று ஆசை. கடைக்காரர் ஒருவர் மினி டிராக்டர் எடுக்கச் சொல்கிறார், இல்லையென்றால் 12 ஹெச்பி பவர் டில்லராம். பெண் பெயரில் நிலம் இருப்பதால் பாதி மானியம், எல்லாவற்றையும் அவரே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். படிகள் குறுகலாக இருந்தால் ஜேசிபி வைத்து இரண்டை ஒன்றாக்கிவிடலாமாம். எதை வாங்குவது?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. ஜேசிபியை நிலத்துக்குள் விடவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், அப்புறம் எதை வாங்கலாம் என்பதற்கு வருகிறேன்.

அடுத்த முறை மேலே போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் படிகளில் மிகக் குறுகலான படியின் அகலம் எவ்வளவு, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் எவ்வளவு, ரோட்டிலிருந்து நிலத்துக்கு இறங்கும் பாதை எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதுங்கள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த மூன்று எண்கள்தான். டில்லர் என்பது பின்னால் நடந்தபடி பிடித்து ஓட்டும் உழவு இயந்திரம். வழக்கமான 12 ஹெச்பி டில்லர் 400 கிலோ சுற்று இருக்கும். பூம்பாறை பக்கம் எட்டடி அகலப் படி ஒன்றில் அது உழுவதை நின்று பார்த்திருக்கிறேன். நூறடி நீளம் ஓடியது. ஆனால் திரும்ப இடமில்லாமல் இரண்டு முனையிலும் ஏழெட்டு அடி உழாமல் நின்றது, ஓரத்தில் ஓரடி. அந்த மிச்சத்தை இரண்டு பேர் மண்வெட்டியால் கொத்தினார்கள். அடுத்த படிக்கு டில்லரை ஏற்றப் பலகை போட்டு, கயிறு கட்டி, நான்கு பேர் இழுத்தார்கள். உழுத நேரத்தைவிட ஏற்றிய நேரம் அதிகம். மினி டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது இன்னும் கனம், இன்னும் அகலம். சரிவில் கவிழ்ந்தால் மேலே உட்கார்ந்திருப்பவர் அடியில் போவார்.

டில்லரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் இரண்டு கைப்பிடியிலும் திருப்புவதற்கு ஒவ்வொரு லீவர் இருக்கும். சமதளத்தில் இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு விசை நின்றுபோகும், வலது சக்கரம் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகிவிடும். இடது லீவரைப் பிடித்ததும் அந்தச் சக்கரத்தை இழுத்துப் பிடித்திருந்த இன்ஜினின் பிடி விட்டுப்போகும். அது பாரத்தில் வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் பாயும். சமவெளியில் பத்து வருடம் ஓட்டியவருக்கும் கை பழக்கப்படிதான் போகும். பண்ணைக்காடு பக்கம் அப்படி ஒரு டில்லர் ஓட்டியவரோடு கீழ்ப்படியில் விழுந்ததை நானே பார்த்தேன். அவர் குதித்ததால் தோள்பட்டை எலும்போடு போயிற்று. வாரக்கடைசியில் வந்து போகிற நீங்கள் இருவரும் அதைக் கையில் எடுக்கவே கூடாது.

ஜேசிபி யோசனையைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மலையில் அதை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் இறக்கினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும், யோசனை சொன்னவர் மேல் வராது. அது மட்டுமல்ல. அந்தப் படிகளை ஒரு தலைமுறை கையால் வெட்டி, மேல்மண்ணை மேலேயே வைத்து, கல்கட்டு கட்டி நிறுத்தியிருக்கிறது. ஜேசிபி ஒரே நாளில் கறுப்பு மண்ணைப் புதைத்துச் செம்மண்ணை மேலே கொண்டுவந்துவிடும். அதில் கேரட் விரல் தடிமனுக்கு மேல் போகாது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புதிதாகத் தள்ளிப் போட்ட மண் அந்த முதல் பருவத்தைத் தாங்குவதே கஷ்டம்.

சரி, ஹெச்பி கணக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிது, இன்ஜினுக்கு மூச்சு போதாது. சாதாரண இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி இழக்கும். கொடைக்கானலில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். கீழே வத்தலக்குண்டில் ஓட்டிக் காட்டும்போது சீறுகிற இயந்திரம் மேலே வந்து திணறுவது இதனால்தான். ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். இன்ஜின் எத்தனை சிசி என்று கேளுங்கள். 196 சிசி பெட்ரோல் இன்ஜினில் உண்மையாகக் கிடைப்பது ஐந்தரை ஹெச்பி சுற்று. அதே அளவு இன்ஜினில் ‘7 ஹெச்பி’ என்று ஒட்டி விற்பவர்கள் உண்டு. உங்களுக்கு அந்த ஐந்தரையே போதும், மேலே வந்து நான்கு ஆனாலும் போதும்.

இப்போது வாங்க வேண்டியது. முதலில் ஒரு பிரஷ் கட்டர், அதாவது புல் வெட்டும் கை இயந்திரம். மாதம் இரண்டு முறை போகிற நிலத்தில் உங்களுக்கு முதல் எதிரி புல்தான். படிச்சரிவில் முதுகில் மாட்டும் வகை வசதி, கை விடுதலையாக இருக்கும். கண்ணாடியும் பூட்சும் இல்லாமல் இயக்க வேண்டாம். படியின் சரிவு முகத்தில் இருக்கும் புல்லை நான்கு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள், வேரோடு எடுக்காதீர்கள். அந்தப் புல்தான் படியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டர் ஃப்ரூட் கன்றைச் சுற்றி மட்டும் கையால் பிடுங்குங்கள். பிரஷ் கட்டரில் சுழல்வது நைலான் கயிறுதானே என்று பக்கத்தில் விடுவார்கள். அது இளம் பட்டையைச் சுற்றி உரித்துவிடும், இரண்டு மாதத்தில் கன்று காய்ந்து நிற்கும்.

இரண்டாவதாக, ஒரு வருடம் பயிர் செய்து பார்த்த பிறகு, சிறிய பெட்ரோல் பவர் வீடர், அதாவது மண்ணைக் கிளறிக் களை எடுக்கும், டில்லரைவிடச் சின்ன இயந்திரம். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் பிடித்து ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தூக்கிவைக்க முடிய வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் கடையிலேயே தூக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் இயந்திரம் இல்லை. டீசல் வீடர் உழைக்கும்தான், ஆனால் பெரும்பாலானவை நூறு கிலோவைத் தாண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை அதிக நேரம் ஒருபக்கம் சாய்த்து ஓட்டாதீர்கள். அடியில் இருக்கும் ஆயில் ஓரமாக ஒதுங்கிவிடும், உள்ளே உராய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். படியின் நீளவாக்கில் ஓட்டினால் மண்ணும் தங்கும், இன்ஜினும் தங்கும். மண்ணை மாவாக அரைக்கவும் வேண்டாம், ஒரு ஓட்டம் போதும்.

உங்கள் நிலத்தில் கிக்குயு புல் இருக்கிறதா என்று பாருங்கள். கொடைக்கானலில் பெரும்பாலும் இருக்கும். தரையோடு பின்னிக்கொண்டு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். அதில் நேராக வீடரை விட்டால் வேர் கத்தியில் கயிறு மாதிரி சுற்றும். நின்று நின்று அறுத்தெடுக்க வேண்டும். அதைவிடக் கேடு, வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாகும். முதல் வருடம் நான்கு பல் கொத்தால் ஆள் வைத்துப் புரட்டி, மாசி பங்குனி வெயிலில் வேரைக் காயவைத்துப் பொறுக்கி எடுங்கள். ஊர் ஆட்களுக்கு இது கை வந்த வேலை. அதற்குக் கொடுக்கும் கூலி வீண் இல்லை.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உங்கள் ஷெட்டுக்குள் பனிமூட்டம் நேராக வரும். இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டால் கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி படிந்து, அடுத்த முறை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டேங்கில் மிச்சமிருப்பதை, உங்களுடையது பெட்ரோல் கார் என்றால், அதில் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரின் ஆயில் கலந்த பெட்ரோலை மட்டும் காரில் ஊற்றாதீர்கள்.

இனி மானியம். பெண் விவசாயிக்கு 50 சதவீதம் என்பது உண்மை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகளுக்கும் குறைந்தது அதே, மற்றவர்களுக்கு 40. ஆனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கடைக்காரர் ‘பாதி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது இதற்குத்தான். அவரிடம் ‘மானியம் போக எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ‘மானியமே இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு’ என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு கடையிலும் அதே மாடலுக்கு வாங்குங்கள். மானியத்தில் வருகிறவருக்கு ஒரு விலை, ரொக்கத்தில் வருகிறவருக்கு ஒரு விலை என்று வைத்திருந்தால் மானியம் யார் பைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர், டில்லருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய கொட்டேஷனை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

‘எல்லாம் நானே முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்தும் போனில் வரும் ஓடிபியும் கொடுக்காதீர்கள். உழவன் செயலியில் நீங்களே விண்ணப்பிக்கலாம், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு நேராகவும் போகலாம். முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். மலையில் வீட்டுமனை மாதிரி பிரித்து விற்ற நிலங்களில் பல இன்னும் கூட்டுப் பட்டாவில் கிடக்கின்றன. உங்கள் பெயரில் தனிப் பட்டா இல்லையென்றால் மானியப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இதையெல்லாம் அலைந்து முடிப்பதற்குள் ஒரு போகம் போய்விடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். படிவத்தில் எத்தனை ஏக்கர் என்று கேட்கிறார்கள். படி எத்தனை அடி அகலம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்வி இருந்தால், மலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் டில்லர்கள் பாதியாவது இங்கே வந்திருக்காது.

உழவுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக எடுக்கலாம், பக்கத்து நிலத்தாரிடம் ஆளோடு சேர்த்துச் சின்ன வீடர் கிடைக்கும். ஆனால் நீங்கள் உருளைக்கிழங்கு போடப் போகிறீர்கள், அதனால் ஒன்றை நிதானமாகப் படியுங்கள். நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு என்ற நுண்ணிய புழுவைக் கண்டுபிடித்தார்கள். அது பின்னால் கொடைக்கானல் மலையிலும் இருப்பது தெரிந்தது. பெண் புழு செத்ததும் அதன் உடம்பே கெட்டியான கூடாகிவிடும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. குண்டூசித் தலையைவிடச் சிறிது, மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக இருக்கும். உருளைக்கிழங்கு இல்லாமலே இருபது வருடம்கூட உயிரோடு காத்திருக்கும். தானாக நகர்ந்து அது பக்கத்து வயலுக்குக்கூடப் போகாது. அதைக் கொண்டுபோவது மண். வாடகை வீடரின் கத்திகளுக்கு நடுவில் உள்ளங்கையளவு ஈரமண் எப்போதும் ஒட்டியிருக்கும். அந்த ஒரு கட்டி போதும்.

அதனால் வாடகை இயந்திரம் வந்ததும் ரோட்டிலேயே நிறுத்துங்கள். கத்தி, கத்திக்குப் பின்னால் இருக்கும் தகடு, டயர் பள்ளம் எல்லாவற்றையும் குச்சியால் சுரண்டி, பிரஷ் போட்டுத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் வழியாத இடமாக இருக்கட்டும். ஓட்டுபவர் முகம் சுளிப்பார், கால் மணிநேரக் கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அவருடைய செருப்பையும் கழுவச் சொல்லுங்கள். பழைய சாக்கில் வரும் விதைக்கிழங்கிலும் இதே ஆபத்து உண்டு. பயிர் பூக்கும் சமயம் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குட்டையாகி, வெயிலில் மட்டும் வாடி நின்றால், ஒரு செடியை மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து வேரை மெதுவாகத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கடுகைவிடச் சின்ன மணிகள் ஒட்டியிருந்தால் இதுதான். அந்தப் படியில் உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிக்கொண்டே போங்கள்.

கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். படியின் அகலம், உயரம், பாதையின் அகலம் மூன்றையும் அளந்து எனக்கு எழுதுங்கள். கிக்குயு எத்தனை படியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், வீடரில் எந்த அளவு கத்தி வேண்டும் என்று சொல்கிறேன்.