மாருதி 800 கியர்பாக்ஸை வீட்டிலேயே பிரித்துக் கட்ட என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

டூல்ஸ் வாங்கும் முன், எந்தச் சத்தத்துக்காகப் பெட்டியைப் பிரிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். நியூட்ரலில் உறுமி, கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்குப் பெட்டியை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டாம். இன்ஜின் ஓடும்போது கிளட்ச்சை நாலைந்து விநாடி மிதித்து வைத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கறகறவென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை, கேபிளைப் பாருங்கள். இரண்டாவது கியரில் மட்டும் கறகறத்தால் சந்தேகம் சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையம்) மேல் போகும். இதற்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்குக்கும்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இறக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். 10 முதல் 19 மி.மீ. வரை சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், டிராலி ஜாக்கி, ஒரு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்ட், டிரைவ் ஷாஃப்ட்டை நெம்ப ஒரு கடப்பாரை லீவர். ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட்டை உருவியதும் தரையில் கொட்டும். கியர்பாக்ஸ் பக்க மவுண்ட்டைக் கழற்றினால் இன்ஜின் சாயும். இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

பிரிக்கும்போதுதான் பலர் கேஸை உடைக்கிறார்கள். ரிவர்ஸ் ஷாஃப்ட் போல்ட்டும், ஸ்பிரிங்கும் குண்டும் அடங்கிய லொக்கேட்டிங் போல்ட்டுகளும் வெளியிலிருந்தே கழன்று வரும். அவற்றை விட்டுவிட்டு இரண்டு பாதியையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய முகம் கீறும், அப்புறம் எந்த கேஸ்கட் பேஸ்ட்டும் ஆயிலை நிறுத்தாது. பித்தளைத் தடியோ ரப்பர் சுத்தியலோ கொண்டு சுற்றிலும் தட்டினாலே விடும். இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்கு, சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும். சாதா ஸ்க்ரூடிரைவரில் தலை தேய்ந்தால் டிரில் போட வேண்டியதுதான்.

உள்ளே போனதும், சர்க்கிலிப் என்ற பூட்டு வளையங்களைக் கழற்றும் பிளையர்: உள், வெளி இரண்டுக்கும், நேர் மூக்கும் வளை மூக்கும். விலை குறைந்ததில் முனை வளைந்து சர்க்கிலிப் முகத்துக்குப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கியரை நகர்த்தும் கவையான ஷிஃப்ட் ஃபோர்க்கின் ரோல் பின்னைத் (சுருட்டிய தகட்டுப் பின்) தட்ட, பின்னைவிட ஒரு நூலளவு சின்ன பின் பஞ்ச். ஆணியை வைத்துத் தட்டினால் பின் விரிந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். கழற்றிய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிது சில ரூபாய்தான்.

இனி புல்லரும் பிரஸ்ஸும். பேரிங்குக்கு அடியில் நுழையும் பிளேட் வகை செப்பரேட்டர் இல்லாமல் மூன்று கால் புல்லரை மட்டும் நம்பினால் கால் கியர் பல்லைப் பிடித்து இழுக்கும். ஹைட்ராலிக் பிரஸ் வாங்கத் தேவையில்லை. ஷாஃப்ட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், பத்து டன் பிரஸ் தாராளம். ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்: ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் ரேஸில்தான் (பேரிங்கின் உள் வளையம்) அழுத்தம் விழ வேண்டும், கேஸில் இறக்கும்போது வெளி ரேஸில். குண்டு வழியாக அழுத்தம் போனால் ரேஸில் பள்ளம் விழும், புதுப் பேரிங்கே சில நாளில் பாடும். பேரிங்கை அழுத்தி இறக்கும் டிரிஃப்ட்டாக, முனை சமமாக அறுத்த ஜி.ஐ. பைப் துண்டே போதும்.

"எங்க மெக்கானிக் சுத்தியலும் உளியும் வைத்தே முடித்துவிடுவார்" என்பார்கள். முடிப்பார், மறுக்கவில்லை. ஆனால் அளக்க மாட்டார். நான் காசு போடச் சொல்வது ஃபீலர் கேஜிலும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) டார்க் ரெஞ்சிலும்தான் (போல்ட்டை அளவோடு முறுக்கும் ஸ்பேனர்). சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கோன் மேல் கையால் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் இடையில் மூன்று இடத்தில் கேஜை நுழைத்துப் பாருங்கள். புதிதில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரிங் முடிந்தது. கியர் கோனும் கண்ணாடி போலப் பளபளத்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. சிங்க்ரோவின் வெளி வளையமான ஸ்லீவ், நடுவிலுள்ள ஹப் இரண்டிலும் பிரிக்கும் முன்பே மார்க் போடுங்கள். ஹப்பிலுள்ள இரண்டு ஸ்பிரிங்கின் முனையும் ஒரே கீயில் (ஹப் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டை) மாட்டக்கூடாது.

பேரிங், ஷாஃப்ட், கேஸ் எதை மாற்றினாலும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) கணக்கு மாறும், அங்கேதான் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வேண்டும். இங்கே ஒரு வயிற்றெரிச்சல்: ஷிம் அளவும் டார்க் அளவும் போட்ட சர்வீஸ் மேனுவல், வண்டிக்குச் சொந்தக்காரனுக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. கேட்டால் "முழுப் பெட்டியா மாத்திடுங்க சார்" என்று பதில் வரும். சென்னையில் பழைய பெட்டிக்குப் புதுப்பேட்டை, உதிரிக்கு ஜி.பி. ரோடு என்று அலைகிறவர்கள், பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் நல்ல பிராண்ட் வாங்குங்கள். "800 கியர்பாக்ஸ் பேரிங்" என்று கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள்.

மூடும்போது முகத்தைத் தின்னரால் துடைத்து, பேஸ்ட்டை மெல்லிய ஒற்றைக் கோடாக மட்டும் விடுங்கள். கொழுக்கப் பூசினால் மிச்சம் உள்ளே பிதுங்கி ஆயிலில் மிதக்கும். ஆயில் ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. கடைக்காரர் ஜிஎல்-5 "அதைவிட நல்லது" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். வண்டி சமதளத்தில் நிற்க, லெவல் பிளக் ஓட்டையில் ஆயில் கசியத் தொடங்கும்வரை ஊற்றி, பிளக்கை மூடுங்கள்.