செல்லுக்குள் ஒரு வால்நட்சத்திரம்

கேள்வி: ஐயா, பதினைந்து வருஷமாக வண்டிப் புகைக்கு நடுவில் நின்று வேலை பார்க்கிறேன். எங்களைப் போன்றவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து 'மரபணுச் சேதம் அதிகம்' என்று சொல்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்? அப்படி வந்தால் புற்றுநோய்தானா?

பதில்: முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், பயத்தை அப்புறம் பார்க்கலாம். ரத்தம் என்றதும் சிவப்பணுதான் ஞாபகம் வரும், ஆனால் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவே கிடையாது, டி.என்.ஏ.வும் இல்லை. அதனால் வெள்ளையணுக்களைத்தான் பார்ப்பார்கள், அதிலும் பெரும்பாலும் லிம்போசைட்டுகளை.

காமெட் சோதனை என்று ஒன்று உண்டு, காமெட் என்றால் வால்நட்சத்திரம். சில சொட்டு ரத்தம் போதும். செல்களை இளஞ்சூடான அகரோஸ் கூழில் கலந்து கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, உப்பும் சோப்புத்தன்மையும் உள்ள கரைசலில் ஊறவைத்தால் செல்லின் மேல்தோலெல்லாம் கரைந்துபோய் டி.என்.ஏ. மட்டும் கூழுக்குள் சுருண்டு கிடக்கும். அதைக் கடுமையான காரக் கரைசலில் வைத்து இருபது, முப்பது நிமிடம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் இருப்பதால் அறுந்த துண்டுகளும் தளர்ந்த இழைகளும் நேர்மின் முனையை நோக்கி நகரும், அறாதது இருந்த இடத்திலேயே நிற்கும். ஒளிரும் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அடிபடாத செல் உருண்டையாகத் தெரியும், அடிபட்ட செல்லுக்கு வால் நீண்டிருக்கும். வாலுக்குள் எத்தனை சதவீதம் டி.என்.ஏ. போயிருக்கிறது என்பதுதான் கணக்கு. 1984-இல் ஸ்வீடனில் இந்த முறை பிறந்தது. காரக் கரைசலைப் புகுத்தி இதைக் கூர்மையாக்கியது 1988-இல் என்.பி. சிங் என்ற ஆய்வாளரின் குழு.

இன்னொன்று மைக்ரோநியூக்ளியஸ் சோதனை. எனக்குப் பிடித்தது இதுதான், பொறுமை அதிகம் கேட்கும். லிம்போசைட் சும்மா பிரியாது, பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை ஊற்றித் தூண்டினால்தான் பிரிய ஆரம்பிக்கும். 44-ஆவது மணி நேரம் வாக்கில் இன்னொரு மருந்தைச் சேர்த்து, உட்கரு இரண்டாகப் பிரிந்தாலும் செல் இரண்டாகாதபடி தடுத்து விடுவார்கள். இந்த இரட்டை உட்கரு செல்களில் ஆயிரத்தையாவது எண்ணுவார்கள். பிரியும்போது பின்தங்கிவிட்ட குரோமோசோம் துண்டு, பெரிய உட்கருக்களின் ஓரத்தில் குட்டி நிலா மாதிரி ஒதுங்கிக் கிடக்கும், அதுதான் மைக்ரோநியூக்ளியஸ். எண்ணுகிறவருக்கு அது யாருடைய ஸ்லைடு என்று தெரியக் கூடாது, தெரிந்தால் கண் ஏமாற்றும்.

சரி, உங்கள் பயம். வாலின் நீளம் இன்றைய கதை, காமெட்டில் தெரியும் பல முறிவுகளைச் செல்லே சில மணி நேரத்தில் சரி செய்துவிடும். சிகரெட், எக்ஸ்ரே, கடும் உடற்பயிற்சி எல்லாம் எண்ணை மாற்றும். மைக்ரோநியூக்ளியஸ் வயதோடு கூடும், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாகவே இருக்கும். அதனால்தான் புகையில் நிற்கும் குழுவை, அதே வயதும் அதே பழக்கமும் உள்ள புகை படாத குழுவோடு சேர்த்துவைத்துப் பார்க்கிறார்கள். குரோமோசோம் சேதம் மிகுந்த குழுக்களில் பின்னாளில் புற்றுநோயும் சற்று அதிகம் என்பது நீண்ட காலக் கண்காணிப்பில் தெரிந்திருக்கிறது. அது குழுவின் கதை, அதில் உங்கள் பெயர் எழுதியிருக்காது. ஆனால் காற்று மாசு என்னும் காரணத்தில் சந்தேகமே இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவதாக அறிவித்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் நானே காசு கொடுத்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். லேபுக்கு லேப் எண் மாறும், 'இதற்கு மேல் போனால் ஆபத்து' என்று பொதுவான கோடு எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் இருமலையும் மூச்சிரைப்பையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் சேதம் குறையும் என்கிறார்களே?

பதில்: விற்கிறவர்கள் சொல்வார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது.